பூட்டு ஒன்று போதுமா?

சென்ற மாதம் ஓரிரவு எங்கள் டிராக்டரின் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வாடகைக்கு உழுது பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. என் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் புதுப் பாட்டரிக்குப் போயிற்று. அப்பா பானெட்டில் கொக்கி பற்றவைத்துப் பூட்டும் போட்டார்.

பூட்டு வேண்டியதுதான். ஆனால் வேதியியல் மாணவன் என்ற முறையில் கேட்கிறேன்: செத்த பாட்டரிக்கும் விலை ஏன்? உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கி மறுபடி தகடாக்கலாம். கேள்வி கேட்காமல் எடைபோட்டு வாங்கும் பழைய இரும்புக் கடை இருக்கும்வரை, கடப்பாரைக்கு முன் எங்கள் கொக்கி எம்மாத்திரம்? 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, திருடியவனுக்கும் திருட்டென்று அறிந்தே வாங்கியவனுக்கும் ஒரே அளவாக 3 ஆண்டு வரை சிறை என்கிறது. விற்பவர் முகவரியை எழுதிக்கொள்ளாமல் எந்தக் கடையும் பாட்டரி வாங்கலாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

அப்பா இன்னும் டிராக்டர் அருகில்தான் கட்டில் போட்டுப் படுக்கிறார்.