அதிமதுரமும் ஒரு காவற்காரனும்

பெரியம்மாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். வந்தாலும் பாதகமில்லை, நாலு வீட்டுக்குப் பிரயோஜனப்படுகிற விஷயம்.

சென்ற மார்கழியில் அவளுக்குத் தொண்டைக் கரகரப்பு. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி இடித்து, காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் குடித்தாள். கரகரப்பு ஒரு வாரத்தில் போயிற்று, கஷாயம் போகவில்லை. தித்திப்பாக இருக்கிறதே! மாசிக்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு அடங்கவில்லை. மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறது என்றார். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை" என்றாள் பெரியம்மா.

பொய் சொல்லவில்லை, சகோதரிகளே! நம் வீடுகளில் அதிமதுரம் மருந்துக் கணக்கிலா சேர்கிறது? நல்ல வேளை, துணைக்குப் போயிருந்த என் மன்னி கஷாயத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நம் சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்தாற்போல் அட்ரீனல் என்று இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்களில் ஆல்டோஸ்டிரோன் ஒன்று. 'உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு' என்று சிறுநீரகத்துக்கு உத்தரவிடுவது அதுதான். இன்னொன்று கார்ட்டிஸால். இதற்கு வேலை வேறு. ஆனால் ஆல்டோஸ்டிரோனின் பூட்டுக்கு இதன் சாவியும் பொருந்தும்! போதாக்குறைக்கு ரத்தத்தில் இது பல நூறு மடங்கு அதிகம். தடுக்க ஆள் இல்லாவிட்டால் சிறுநீரகம் ஓயாமல் உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

தடுக்கிற ஆள் ஒரு என்ஸைம். அதன் பெயர் பதினோரு-பீட்டா ஹைட்ராக்ஸி ஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ், இரண்டாம் வகை. (ஒரே மூச்சில் சொல்லுகிறவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி என் செலவு.) சிறுநீரக வாசலில் நின்றுகொண்டு, வருகிற கார்ட்டிஸாலையெல்லாம் கார்ட்டிஸோன் என்ற சாதுவான பொருளாக மாற்றிவிடுகிறது. கார்ட்டிஸோனுக்கு அந்தப் பூட்டு திறக்காது.

அதிமதுரத்தின் தித்திப்புக்குக் காரணமான கிளிசிரைசின், வயிற்றுக்குள் போய் மாறுதல் அடைந்து, இந்தக் காவற்காரனைத்தான் கட்டிப் போடுகிறது. 1946-ல் ரெவர்ஸ் என்ற டச்சு டாக்டர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடம்பு வீங்கிற்று. ஏன் என்பது வெகு காலம் புரியவில்லை. என்ஸைம்தான் காரணம் என்று எடின்பரோ டாக்டர்கள் காட்டியது 1987-ல். பெரியம்மாவின் கணுக்காலுக்கு இத்தனை பெரிய சரித்திரம்!

இதோடு முடிந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். மன்னிக்கு அப்போது ஆறு மாசம். மிச்சக் கஷாயத்தை நாலைந்து நாள் அவளும் குடித்திருக்கிறாள்.

கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியிலும் இதே காவற்காரன் நிற்கிறான். தாயின் ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிஸாலில் பெரும் பகுதியை அங்கேயே செயலற்றதாக்கிவிடுவதால், குழந்தைக்குச் சிறு பங்குதான் போய்ச் சேருகிறது. பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் இன்னோர் அழகான விஷயத்தையும் கண்டார்கள். கர்ப்பத்தின் நடுக்கட்டத்தில் நஞ்சுக்கொடி, கார்ட்டிஸோனைத் திரும்பக் கார்ட்டிஸாலாக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறதாம். ஈஸ்ட்ரோஜன் பெருகப் பெருக, கடைசிக் கட்டத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அம்மாவின் இரவல் குறைந்ததும் குட்டியின் மூளையடிச் சுரப்பி விழித்துக்கொண்டு, அதன் சொந்த அட்ரீனலை வேலை வாங்குகிறது. பால் மறக்கப் பண்ணுகிற மாதிரி, பிறப்பதற்கு முன்பே ஒரு மறக்கடிப்பு!

பின்லாந்து தேசத்தில் அதிமதுர மிட்டாய் என்றால் உயிர். ஹெல்ஸிங்கியில், கர்ப்ப காலத்தில் அதை நிறையத் தின்ற தாய்மார்களின் குழந்தைகளை எட்டு வயதில் சோதித்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். அந்தக் குழந்தைகள் சொல்லாற்றலிலும் கவனத்திலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். மிட்டாய்தான் காரணம் என்று இதை வைத்து மட்டும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் 2016-ல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர், கர்ப்பிணிகள் அதை நிறையத் தின்ன வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எப்போதோ ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதால் வானம் இடிந்து விழாது. தினமும், வாரக்கணக்கில் என்பதுதான் வம்பு. நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2003-ல் சொன்னது. வேரில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து கிராம் பொடியிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். சில லேகியங்களிலும் இருமல் மருந்துகளிலும் இது கலந்திருக்கும். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்கள், இருதய நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். டாக்டர் "வேறு மருந்து உண்டா?" என்று கேட்டால் டப்பாவில் இருப்பதையெல்லாம் ஒப்பித்துவிடுங்கள்.

மன்னியின் டாக்டர், "நாலு நாளைக்குப் பயம் வேண்டாம், இனிமேல் கூடாது" என்றார். பெரியம்மாவுக்குக் கஷாயத்தை நிறுத்திய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. அன்று என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு படிச்சு வச்சிருக்கியே, தொண்டை கட்டினா நான் என்ன பண்றது?" என்றாள்.

"உப்புப் போட்டு வெந்நீர் கொப்பளியுங்கள், பெரியம்மா."

"இதைச் சொல்ல ஒரு பத்திரிகைக்காரி வேணுமா?" என்றாள்.