‘பி’யை விட்டு நகராத வண்டி

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆற விட்டால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. காந்தி வீதியில் காரை நிறுத்திவிட்டு நானும் மனைவியும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்த் திரும்பினோம். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. பிரேக்கை மிதித்து கியரை இழுத்தால் ‘பி’யை விட்டு அசையவில்லை. விடிந்தால் அங்கே சண்டே மார்க்கெட். கடை போடுகிறவர்கள் நம்ம கார் மேலேயே பனியனைப் பரப்பிடுவாங்க என்றாள் மனைவி. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி வந்தார். லீவர் பக்கத்தில் இருந்த சின்ன மூடியை நெம்பி எடுத்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு அழுத்தி, லீவரை ‘என்’னுக்குத் தள்ளினார். அரை நிமிடம். 1,500 ரூபாய். “சரியாயிடுச்சு சார், போங்க.”

லாஸ்பேட்டை வந்து வாசலில் வண்டியைத் திருப்பும்போது எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். “அண்ணே, பிரேக் லைட்டே எரியலையே!”

1,500 ரூபாய் போகட்டும். அந்த லீவர் ஏன் பூட்டிக்கொள்கிறது? பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’ விடும் என்று ஒரு ஏற்பாடு. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தானாகச் சீறிப் பாய்கின்றன என்று பெரிய புகார் எழுந்தது. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று 1989இல் அரசு ஆய்வு சொன்னது. அதையொட்டிப் பரவியது இந்தப் பூட்டு. பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச்தான் பல வண்டிகளில் அதற்குத் தகவல் தருகிறது. சுவிட்சோ அதன் பியூஸோ போனால் பின்விளக்கும் எரியாது, கியரும் நகராது. ஆக, வண்டி அடம் பிடிக்கவில்லை. பின்னால் வருகிறவனுக்கு நீ நிற்பது தெரியாது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி பஸ்களுக்கு முன்னால் எங்களை ஓட்டச் சொல்லி அனுப்பினார்கள். இதற்குப் பேர் ரிப்பேரா?

“கஸ்டமர் கைய வச்சா உடைச்சிடுவாங்க சார்” என்றார் மேனேஜர். அந்த மூடியைப் பற்றி வண்டியோடு தந்த புத்தகத்திலேயே இருக்கிறது. இங்கிலீஷில், நடுவில் எங்கோ. தெருப் பலகையில் பிரெஞ்சுகூட இருக்கும் ஊரில், அந்தப் புத்தகத்தில் ஒரு வரி தமிழ் இல்லை. டெலிவரி நாளில் மாலை போட்டு போட்டோ எடுக்க நேரம் இருந்தது. இதைக் காட்ட இரண்டு நிமிடம் இல்லை.

உங்கள் வண்டியில் ‘பி’ இருந்தால் (ஏ.எம்.டி. வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது) இன்று ராத்திரியே சுவரை ஒட்டிப் பின்பக்கம் இருக்கும்படி நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவர் சிவக்க வேண்டும். சிவந்தும் லீவர் வராவிட்டால் கோளாறு பூட்டில் இருக்கலாம். பேட்டரி இறங்கியிருந்தாலும் இப்படி ஆகும். மூடியை நெம்பும் முன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள், மறக்க வேண்டாம். பிரேக் லைட் எரியாமல் மெக்கானிக் கடையைத் தவிர எங்கும் போகாதீர்கள். அதுவும் பகலில், மெதுவாக.

மறுநாள் காலை போர்டிகோவில் வண்டி மறுபடி பூட்டிக்கொண்டது. இந்த முறை நானே திறந்தேன். முத்தியால்பேட்டை எலக்ட்ரீஷியன் சுவிட்சை மாற்றிக் கொடுத்தார். 650 ரூபாய், டீ என் கணக்கு.