‘நார்மல்’ என்றால் என்ன பொருள்?



ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும்பொழுது அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் சொல் ‘தைராய்டு’. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் நம்மவரிடையே பழகிப்போன நோய்கள். அவற்றுக்கு அடுத்த நாற்காலியில் இது வந்து அமர்ந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. அதிலும் பெண்களிடம்தான் மிகுதி. விடிந்து எழும்போதே அசதி, முடி உதிர்வு, காரணமில்லாமல் ஏறும் எடை, மலச்சிக்கல், குளிரூட்டி அறையில் மற்றவர்களுக்கு இல்லாத குளிர், கரகரத்துப்போகும் குரல். குருதியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். “நார்மல்தான், கவலை வேண்டாம்” என்று தாதி தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். அசதி மட்டும் போவதில்லை.

அந்த ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். புள்ளி போடும் தொழிலில் இருப்பவன். ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு அன்றாடச் சிக்கல். விடைத்தாளைக் காட்டாமல் “உங்கள் மகன் தேர்ச்சி” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் எந்தப் பெற்றோர் விடுவார்கள்? எந்தப் பாடத்தில், எத்தனை புள்ளி, சென்ற முறை எத்தனை என்று கேட்பார்கள். தம் குருதியைப் பற்றி மட்டும் அதே பெற்றோர் எதையும் கேட்பதில்லை.

முதலில் அந்தச் சுரப்பியைப் பற்றிச் சிறிது. தொண்டையின் முன்புறம் குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருப்பது அது. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்ததால் தமிழில் ‘கேடயச் சுரப்பி’ என்பர். நல்ல சொல்தான், ஆனால் கிளினிக்கில் போய் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால் ‘தைராய்டு’ என்றே எழுதுகிறேன். அது பெரும்பாலும் டி4 என்னும் தைராக்சினையும் சிறிதளவு டி3-யையும் சுரக்கிறது. உடலின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வேகமாக இயங்கவேண்டும் என்பதை இவையே முடிவு செய்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி மேற்பார்வையாளர். தைராய்டு சோர்ந்தால் அது டி.எஸ்.எச். என்னும் ஏவலைக் கூடுதலாக அனுப்பும். மிகுதியாகச் சுரந்தால் ஏவலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் தைராய்டு குறைவு என்று பொருள். தலைகீழாகத் தோன்றும் இந்தக் கணக்கு பலரைக் குழப்புகிறது. “எனக்கு தைராய்டு ஏறிவிட்டது” என்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏறியிருப்பது ஏவல்தான், சுரப்பு இறங்கியிருக்கிறது.

டி4 சற்றே குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் முதல் சோதனையாக அதை மட்டும் பார்ப்பது வழக்கம். அது தவறன்று, பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனால் மேற்பார்வையாளரே நோயுற்றிருந்தால்? பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவருக்கு டி4 தாழ்ந்திருந்தும் டி.எஸ்.எச். சரியான அளவில் இருப்பதுபோலவே காட்டும். மகப்பேற்றின்போது மிகுதியாகக் குருதி இழந்த தாய்மாரில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு. 1937இல் ஷீஹன் என்ற மருத்துவர் விளக்கி எழுதியதால் அது அவர் பெயரால் வழங்குகிறது. பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை, அசதி தீரவில்லை என்றால், அந்தப் பேற்றுக் கதையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். சொன்னால்தான் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். இது அரிது. ஆனாலும் ‘நார்மல்’ என்ற சொல்லுக்குள் எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பது ஒளிந்துகொள்ளும் என்பதற்கு நல்ல சான்று.

அடுத்து, அந்த எல்லை. டி.எஸ்.எச். ஏறத்தாழ 0.4 முதல் 4.0 வரை என்று பல ஆய்வுக்கூடங்கள் அச்சிடுகின்றன. கூடத்துக்குக் கூடம் சிறிது மாறும். இதை வானத்திலிருந்து யாரும் இறக்கவில்லை. நலமாக உள்ள பலரின் குருதியை அளந்து, நடுவில் உள்ள 95 விழுக்காட்டினரை வைத்துக்கொண்டு, இரு முனையிலும் உள்ளோரை வெட்டிவிட்டால் கிடைப்பதுதான் எல்லை. அப்படியென்றால் முழு நலமுள்ள நூறு பேரில் ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒரு தனிமனிதரின் அளவோ இவ்வளவு அகலமாக ஊசலாடுவதில்லை. பெரும்பாலும் தமக்குரிய ஒரு குறுகிய வட்டத்துக்குள்தான் ஏறி இறங்கும். ஆண்டுதோறும் 90 புள்ளி எடுத்த மாணவி இம்முறை 55 எடுத்தால் அவள் தேர்ச்சிதான். ஆயினும் வகுப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டு, “என்னம்மா ஆயிற்று?” என்று கேட்பார் அல்லவா? சென்ற ஆண்டு 1.1 ஆக இருந்த டி.எஸ்.எச். இவ்வாண்டு 3.8 என்றால், நோய் என்று பொருளில்லை; கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். பழைய அறிக்கை கையில் இல்லாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

இங்கே ஒரு கவனம் வேண்டும். டி.எஸ்.எச். இரவில் ஏறிப் பகலில் இறங்கும். கடுமையான காய்ச்சலிலிருந்து தேறும்போது மாறும். அகவை கூடக்கூடச் சற்று உயரும். எனவே எல்லையை ஒட்டிய ஓர் எண்ணைக் கண்டதும் மாத்திரைக்கு ஓடக்கூடாது. டி.எஸ்.எச். சற்று உயர்ந்தும் டி4 சரியாகவும் இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். பலருக்குத் தானே இறங்கிவிடும். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் குருதியில் உள்ளனவா என்றும் சோதிக்கலாம். இருந்தால் பின்னாளில் முழுக் குறைவாக மாறும் வாய்ப்பு கூடுதல். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மருந்து தொடங்குவர். இடைப்பட்ட நிலையில் இருப்போருக்கு அகவை, அறிகுறி, பிள்ளைப்பேற்று எண்ணம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வர். கருவுற்ற தாயின் கணக்கே தனி. அங்கே எல்லையும் வேறு, காத்திருப்பதும் ஆகாது.

மாத்திரை எடுத்தால் அசதி போய்விடும் என்று நம்புவோர்க்கு ஒரு செய்தி. 65 அகவையும் அதற்கு மேலும் உள்ள 737 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்த அவர்களுள் ஒரு பாதியினருக்கு லெவோதைராக்சினும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அசதியில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. எண்ணை மாற்றலாம், அசதிக்கு வேர் வேறிடத்தில் இருந்தால் அது அசையாது.

எங்களோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்று பிள்ளைகளின் தாய். புறப்பாட நடவடிக்கைகளில் முன்னால் நின்றவர், மெல்ல மெல்லப் பின்வாங்கினார். கடைசிப் பாடவேளைகளை நாற்காலியில் அமர்ந்தபடியே நடத்தினார். மருத்துவ விடுப்பு கூடியது. சோம்பல் என்று பேசினார்கள். வேலைக்கு அஞ்சி நடிக்கிறார் என்றுகூடப் பேசினார்கள். மூன்று ஆண்டுகளில் இரு முறை தனியார் கிளினிக் ஒன்றில் தைராய்டு சோதனை. இரு முறையும் ‘நார்மல்’. அந்தச் சொல் அவருக்கு ஆறுதலாக அமையவில்லை. பேசியவர்களுக்குத்தான் சான்றிதழாக அமைந்தது. மூன்றாம் முறை வேறொரு மருத்துவர் ஊசியை எடுக்கும் முன்பே, “மாதவிடாய் எத்தனை நாள்? எவ்வளவு போகிறது?” என்று கேட்டார். இரத்தச்சோகை எல்லைக்குள் அவர் இன்னும் வரவில்லை. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. இரும்பு மாத்திரை, கருப்பை மருத்துவம், சில மாதம். இன்று நன்றாக இருக்கிறார்.

அவருடைய தைராய்டு தொடக்கம் முதலே நலமாகத்தான் இருந்தது. சோதனை பொய் சொல்லவில்லை. ‘உங்கள் தைராய்டில் குறையில்லை’ என்பது ‘உங்களுக்குக் குறையில்லை’ என்று மாறிப்போனதுதான் கேடு. இரும்புக் குறைவு, நம் நாட்டில் பரவலாக உள்ள தலசீமியா, இனிப்புநீர், குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கம், மனச்சோர்வு என்று அசதிக்கு வாசல்கள் பல. இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் நெடுங்காலம் எடுப்பவருக்கும் புலால் உண்ணாதவருக்கும் வைட்டமின் பி12 குறையலாம். ஒரு கதவைத் தட்டி ஆளில்லை என்றால் அடுத்த கதவைத் தட்டவேண்டும்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தும் அசதி தீராதவர்களின் செய்தி வேறு. மருத்துவரைக் குறை சொல்லும் முன் சமையலறையைப் பார்க்கச் சொல்வேன். லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், வெறும் நீரோடு விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் காத்திருக்கவேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் கோப்பியோடு மாத்திரை. அல்லது சோயா நீரோடு. இரண்டும் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பலரோ எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. தேர்வுக்கு முந்திய வாரம் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவரைப் போல, குருதி எடுக்கும் நாள் நெருங்கியதும் ஒழுங்காக மாத்திரை போடுவோர். இதில் அறிக்கை அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். டி4 சில நாளில் ஏறிவிடும், டி.எஸ்.எச். இறங்க ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். டி4 சரியாகவும் டி.எஸ்.எச். உயர்ந்தும் இருக்கும் தாளைக் கண்டதும் மருத்துவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நானும் அதே பார்வையைத்தான் பார்ப்பேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், எண்ணும் எல்லைக்குள் இருந்தும், அசதி நீங்காத சிலர் இருக்கவே செய்கிறார்கள். டி3-யையும் சேர்த்துக் கொடுத்தால் அவர்களுக்குப் பயன் உண்டா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அவர்களுடைய துன்பம் கற்பனை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கில மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழி செலுத்தி ஒரு பெண்மணியைத் தேற்றினார். அவர் 1919 வரை வாழ்ந்தார். டி.எஸ்.எச். சோதனை இல்லாத காலம் அது. முகத்தின் வீக்கத்தையும் குரலின் தடிப்பையும் உடலின் குளிர்ச்சியையும் பார்த்தும் கேட்டும் அறிந்தார்கள். சோதனை வந்தது பெரும்பேறு. பார்ப்பதும் கேட்பதும் அதோடு போய்விட வேண்டியதில்லை.

கைவிடப்பட்டவர்களைத் தேடிவரும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் எழுதியாகவேண்டும். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக்கே வரும் நேரடி விற்பனைப் பொட்டலங்கள்! ‘தைராய்டைச் சீராக்கும்’ கடற்பாசி மாத்திரையில் அயோடின் மிகுந்திருந்தால் சுரப்பி மேலும் கெடலாம். முடிக்கும் நகத்துக்கும் விற்கப்படும் பயோட்டின் இன்னும் நுட்பமான தொல்லை. அது சோதனையையே குழப்பிவிடும். பல ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் டி4 பொய்யாக உயர்ந்தும் தெரியும். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதுபற்றி எச்சரித்தது. முடி உதிர்கிறதே என்று தைராய்டு குறைவுள்ளவர் பயோட்டினை விழுங்க, அந்தக் குறைவே தாளில் மறைந்துபோகும் கொடுமையைப் பாருங்கள்.

ஆகவே அடுத்த முறை போகும்போது அறிக்கையின் படியைக் கேட்டு வாங்குங்கள். பழையவற்றையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விழுங்கும் அனைத்தையும், விற்பனைப் பொட்டலம் உட்பட, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பயோட்டினைக் குறைந்தது இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அன்று காலை குருதி கொடுத்த பிறகே அதை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 சற்று உயர்ந்து காட்டும்.