சட்டக் கல்லூரியின் வாசல் நமக்குத் தெரியுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்ற கேள்வி நம் வகுப்பறைகளில் எழும்போதெல்லாம் விடைகள் ஒரு சிலவாகவே இருக்கின்றன. முதுகலை, பி.எட்., தேர்வாணையத் தேர்வு, இவை கிட்டாவிட்டால் ஏதேனும் ஒரு கம்பெனி வேலை. இந்த நான்கு பாதைகளையும் நான் குறை கூறவில்லை. ஆனால் ஐந்தாவதாக ஒரு பாதை இருப்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அதுவே சட்டப் படிப்பு. வேதியியல் படித்தாலும், வரலாறு படித்தாலும், தமிழிலக்கியம் படித்தாலும், பட்டம் பெற்ற எவரும் மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேரலாம். நம் கல்லூரியில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரியாமற்போனதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று, பிறந்த வீடு. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கு வக்காலத்து, வாய்தா, தடையாணை என்ற சொற்கள் காலைக் காப்பியோடு காதில் விழுகின்றன. எந்தக் கல்லூரி, எந்த மாதத்தில் விண்ணப்பம், எந்த மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி என்பதெல்லாம் தந்தை வழிச் சொத்துப் போலத் தாமே வந்து சேருகின்றன. நம் வீடுகளில் நிலை வேறு. ‘கோர்ட்டு வாசலை மிதித்தவன் உருப்பட மாட்டான்’ என்பதே நாம் கேட்டு வளர்ந்த சட்டப் பாடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். வரப்புத் தகராறு முதல் பட்டா மாறுதல் வரை ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பின்னால் கைகட்டி நடந்தே எங்கள் வீட்டார் பழகியிருக்கிறார்கள். சட்டம் தேவைப்படுவது நம்மைப் போன்றோர்க்கு. அதைப் படிக்கும் வழி தெரிந்திருப்பது மற்றவர்க்கு. இந்த முரண்பாடு நீங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே, எப்படி?

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தோன்றியது. நூறாண்டுகளுக்கு மேல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கி, 2018-இல் புதுப்பாக்கத்திற்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறியது. 1974-இல் மதுரையிலும், 1979-இல் திருச்சியிலும் கோவையிலும், 1996-இல் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் எழுந்தன. பிறகு செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், தேனி, நாமக்கல் என்று அவை பரவியிருக்கின்றன. 1997 முதல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இவற்றை ஒரு குடைக்கீழ் கொண்டுள்ளது. சட்டம் படிக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்ற காலம் மலையேறிவிட்டது.

மூன்றாண்டுப் படிப்புக்குத் தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப் படிப்பின் மதிப்பெண்ணே அளவுகோல். பொதுவாக 45 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 40 விழுக்காடும் குறைந்தபட்சத் தகுதி. ஆகவே நாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பருவத் தேர்வுகளே நமக்கு நுழைவுத் தேர்வு! இதை மூன்றாம் ஆண்டின் முடிவில் அறிந்து என்ன பயன்? முதலாண்டிலேயே அறிந்திருந்தால் துணைப்பாடத்தை ஏனோதானோ என்று எழுதும் வழக்கம் நம்மிடம் குறைந்திருக்கும் அல்லவா?

‘பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கலாமே; இப்போது மூன்றும் மூன்றும் ஆறாகிறதே’ என்று சிலர் வருந்துவர். வருந்தத் தேவையில்லை. கூடுதலாவது ஓராண்டு, அந்த ஓராண்டுக்கு ஈடாகக் கையில் ஓர் அறிவியல் பட்டம் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கல்லூரிக்கே போகாமல் அஞ்சல் வழியில் சட்டப் பட்டம் வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவ்வாறு பெறும் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. பணமும் போகும், காலமும் போகும்.

அறிவியல் படித்தவர்க்குச் சட்டம் எதற்கு?

இக்கேள்வியை ஆசிரியப் பெருமக்கள் சிலரே கேட்கக்கூடும். ஓர் எடுத்துக்காட்டால் விடை கூற விரும்புகிறேன். இரத்தப் புற்றுநோய்க்கான ஒரு மருந்தின் புதிய படிக வடிவத்திற்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் அது நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்திற்கு எதிராக முடிந்தது. அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், நோயைத் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டிருந்தால் ஒழிய அதற்குக் காப்புரிமை இல்லை என்ற சட்டப் பிரிவே அவ்வழக்கின் உயிர்நாடி. படிகம் என்றால் என்ன, கரைதிறன் என்றால் என்ன என்று அறியாதவர் அவ்வழக்கை எவ்வாறு வாதாடுவர்? ஏழை நோயாளி மலிவு விலையில் மருந்து வாங்குவானா மாட்டானா என்பதை, நாம் சோதனைக் கூடத்தில் கற்கும் பாடம் அங்கே நீதிமன்றத்தில் நின்று தீர்மானித்தது.

காப்புரிமை முகவராகப் பதிவு பெற அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் தேவை என்று 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டப் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. குற்றவியல் துறையிலும் இதே நிலைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்திற்குச் செல்லவேண்டும் என்கிறது. தோல் கழிவு, சாயக் கழிவு, ஆற்று மணல் பற்றிய வழக்குகளை விசாரிக்கப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வேதியியலும் உயிரியலும் அறிந்த வழக்கறிஞர்கள் நாட்டுக்கு வேண்டியிருக்கிறார்கள் என்பதை இனியும் விளக்கவேண்டுமா?

சட்டக் கல்லூரிக்குள் நடப்பவை

சட்டக் கல்லூரி என்றதும் தடித்த புத்தகங்களும் கறுப்பு அங்கியுமே நம் கண்முன் வருகின்றன. உண்மையில் அங்கு எழுதிப் படிப்பதற்கு இணையாகச் செய்து பார்க்கும் பாடமும் உண்டு. நமக்குச் செய்முறை வகுப்பு போல, அவர்களுக்கு மாதிரி நீதிமன்றம். கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து, இரு தரப்பாகப் பிரித்து, நீதிபதி இருக்கையில் ஒருவரை அமர்த்தி வாதாடச் சொல்கிறார்கள். இந்தியப் பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு மாணவரும் மூன்று மாதிரி வழக்குகளில் வாதாடவேண்டும். உரிமையியல் வழக்கு ஒன்று, குற்றவியல் வழக்கு ஒன்று என இரு உண்மை வழக்குகளின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுதவேண்டும். மூன்றாண்டுக்குள் குறைந்தது 12 வாரம் வழக்கறிஞரிடமோ, நீதித்துறை சார்ந்த வேறு இடத்திலோ பயிற்சி பெறவேண்டும். இவற்றோடு ஒவ்வொரு கல்லூரியிலும் இலவசச் சட்ட உதவி மையம் நடத்தவேண்டும் என்ற விதியும் உண்டு.

இங்கேதான் என் முதற் குறை. இத்தனை நிகழ்ச்சிகளும் சட்டக் கல்லூரிச் சுவர்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பெரும் போட்டிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, அச்சிட்ட வாதுரைகள் என்று அவற்றுக்கு ஆகும் செலவை அரசுக் கல்லூரி மாணவர் எங்ஙனம் தாங்குவார்? மாவட்ட நீதிமன்றங்களில் சாட்சிகள் பேசுவது தமிழ். குறுக்கு விசாரணை நடப்பது தமிழ். தமிழில் நடக்கும் மாதிரி நீதிமன்றங்கள் பெருகினால் கிராமத்து மாணவன் நா எழுந்து பேசுவான். அதன் இறுதிச் சுற்றைக் காண அருகிலுள்ள கலைக் கல்லூரி மாணவரையும் அழைத்தால், வேடிக்கை பார்க்கச் சென்றவரில் பத்துப் பேராவது அடுத்த ஆண்டு விண்ணப்பத்தோடு செல்வர்.

இன்றே செய்யக்கூடியவை

எல்லாவற்றிற்கும் பிறரையே எதிர்பார்த்திருத்தல் மாணவர்க்கு அழகன்று. நம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, நீதிமன்றம் செல்லுதல். நம் நாட்டில் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றங்கள். சில வகை வழக்குகள் நீங்கலாக, விசாரணையை யாரும் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு ஒரு முற்பகல் அமைதியாக இருந்து பாருங்கள். திரைப்படத்தில் கண்ட மேசைத் தட்டல்கள் அங்கு இல்லை என்பதும், ஒரு சிறு தேதி தவறுவதால் ஒரு குடும்பம் எவ்வளவு அல்லற்படுகிறது என்பதும் விளங்கும்.

இரண்டாவது, சட்டத் தன்னார்வலர் பணி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் அங்கு இலவச சட்ட உதவி பெறலாம். இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். மக்களுக்கும் இவ்வாணைக்குழுவுக்கும் பாலமாக இருக்கும் தன்னார்வலராகச் சட்டம் படிக்காத மாணவரும் தேர்வு பெறலாம், பயிற்சியும் அளிக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடும் நம் கைகள் ஒரு மூதாட்டிக்கு மனு எழுதித் தரவும் பழகட்டுமே!

மூன்றாவது, புத்தகங்கள். அரசியலமைப்புச் சட்டம் தமிழில் கிடைக்கிறது. மைய அரசின் ‘இந்தியா கோடு’ இணையத்தளத்தில் சட்டங்களையும், 2023 முதல் உச்ச நீதிமன்றத்தின் தளத்தில் அதன் தீர்ப்புத் தொகுப்புகளையும் செலவின்றிப் படிக்கலாம். தீர்ப்புகள் சில தமிழாக்கமாகவும் உள்ளன. பழைய புத்தகக் கடையில் சட்ட நூல் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தில் 2024 ஜூலை முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. பழைய வழக்குகளை அறியப் பழைய நூல் உதவும்; புதிய பிரிவு எண்ணை அது தராது.

படித்து முடித்தால் பிழைக்க முடியுமா?

இதுவே நம் பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. வழக்கறிஞராகப் பதிவு செய்யவே பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் கேட்டுவந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அகில இந்தியப் பார் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

அடுத்த தடை, தொடக்க ஆண்டுகளின் வறுமை. மூத்த வழக்கறிஞரிடம் சம்பளமின்றி உழைக்கும் இளையோர் பலர். வீட்டில் வசதியுள்ளவர் ஐந்தாண்டு காத்திருப்பார். கூலி வேலை செய்து படிக்கவைத்த தாய் காத்திருப்பாளா? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை வழங்கப்படவேண்டும் என்று கூறியது. ஏட்டில் எழுதியது கைக்கு வந்து சேரும் வரை இத்தொழில் வசதியுள்ளோர் தொழிலாகவே நீடிக்கும். அதனை மாற்றக் குரல் எழுப்புவதும் நம் தலைமுறையின் கடமையே.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

இத்தனையும் கைப்பேசியில் கிடைக்கின்றனவே, பிறகு கல்லூரி எதற்கு என்று கேட்பர். தேடத் தெரிந்தவனுக்குத்தான் கைப்பேசி விடை தரும். இப்படி ஒரு படிப்பு நமக்கு உண்டு என்பதே தெரியாதவன் எதைத் தேடுவான்? அவனுக்கு வேண்டியது, ‘நீயும் படிக்கலாம்’ என்று சொல்லும் ஒரு மனிதக் குரல்.

ஆகவே முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் பணிவோடு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஆண்டுதோறும் நவம்பர் 9-ஆம் நாள் தேசிய சட்டப்பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நம் கல்லூரியில் படித்துச் சட்டம் பயிலச் சென்ற பழைய மாணவர்களை அழைத்து, அவர்களை நம்மோடு பேசச் செய்யவேண்டும். இரண்டாவதாக, நூலகத்தில் ஓர் அலமாரியைச் சட்ட நூல்களுக்கு ஒதுக்கவேண்டும்; அரசியலமைப்புச் சட்டத்தோடு பத்து நூல் போதும். மூன்றாவதாக, இறுதியாண்டுத் தேர்வு முடிந்து நாம் ஊர் திரும்பும் முன்பே, சட்டக் கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பை எங்கு, எப்போது பார்ப்பது என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கவேண்டும். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஆண்டு விழாவின் பந்தற் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

தோழர்களே! எல்லோரும் வழக்கறிஞர் ஆகவேண்டும் என்பதன்று என் வாதம். விரும்பியவர்க்கு வழி தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தபின் வேண்டாம் என்று விலகுவது அவரவர் உரிமை. தெரியாமலேயே விலகி நிற்பது மட்டும் உரிமையாகாது, அது இழப்பு. அந்த இழப்பு நம் வகுப்பில் ஒருவருக்கேனும் இவ்வாண்டோடு நீங்குமாயின், இம்மலரில் எனக்குக் கிடைத்த சில பக்கங்கள் பயன்பெற்றன என்று மகிழ்வேன்.