பாவாடைக்கு ஈயம்

இந்த வாரம் என் கோபத்தைக் கிளப்பியது ஒரு மகளிர் பக்கம். ‘பேரிக்காய் உடல்வாகு’ உள்ளவர்கள் எதை உடுத்தலாம் என்று முழுப்பக்க அறிவுரை. தோள் ஒடுங்கி இடுப்பு அகன்ற எங்களைப் பழக்கடையில் வைத்துத்தான் பேச வேண்டுமா? மேலே வெளிர் நிறம், கீழே கடும் நிறம்; கழுத்தோரம் வேலைப்பாடு; விரிந்து இறங்கும் ஏ-லைன் பாவாடை, அதுவும் மெல்லிய ஷிபோனில். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சலே அதுதான்.

ரெடிமேட் அளவைப் பற்றித் தொடங்கினால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். தொடையில் ஏறுகிற காற்சட்டை இடுப்பில் வாய் பிளந்து நிற்கும். இடுப்புக்குப் பொருந்துவது தொடையைத் தாண்டாது. இரண்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கலாம் என்று வெட்டுகிறவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அப்படி ஒரு கணக்கின் கதை இது: அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1939, 1940இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. வெள்ளைக்காரிகளின் அளவை மட்டும் சேர்த்து 1941இல் அறிக்கை போட்டது. 1958இல் அந்நாட்டில் வந்த அளவு முறைக்கு அதுதான் அடித்தளம். அதில் கற்பிட்டிக்காரி எங்கே வருவாள்? 1978 முதல் கட்டுநாயக்காவில் எங்கள் பெண்கள் ஊரான் அளவுக்குத் தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். கழித்ததும் மிஞ்சியதும் நடைபாதைக் கடையில் எங்களுக்கு.

போகட்டும். அந்தப் பக்கத்தை எழுதியவர் எங்கள் கற்பிட்டிக் கரையின் கண்டக்குழிக் காற்றைக் கண்டதில்லை. மே தொடங்கி ஒக்டோபர் வரை கச்சான் அடிக்கும். பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் இந்தக் காற்றைத் தேடித்தான் வருகிறார்கள். அதே காற்று, பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண்ணின் ஷிபோன் பாவாடையை முன்பக்கம் தொடையோடு ஒட்டிவிட்டுப் பின்பக்கம் கொடியேற்றும். ஒரு கையில் சாமான் பை, மறு கை பாவாடையில். உடல்வாகை மறைக்க வாங்கிய துணி அதை ஊருக்கே அளந்து காட்டும்.

எங்கள் தையல்கார ராத்தாவிடம் ஷிபோனைக் கொண்டுபோனால், “கச்சான் முடியட்டும், தைச்சுத் தாறன்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் கேட்பது கனத்த பருத்தி, இல்லாவிட்டால் லினன். ஆறு துண்டாக வெட்டி, இடுப்பில் உடம்போடு விட்டு, அகலம் கூடிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் விரிவைத் திறப்பார். கீழ்மடிப்பு இரண்டு அங்குலம். பிறகுதான் அவருடைய வித்தை: வலையில் கோக்கிற ஈயமணியைத் துண்டுத்துணியில் சுற்றி, ஒவ்வொரு மூட்டுக்கும் நேரே மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிடுவார். துணி இடுப்பின் அகன்ற இடத்திலிருந்து நேரே விழும், ஒட்டாது, பறக்காது. பாரிஸில் ஷனெல் அம்மையார் மேற்சட்டையின் உள்விளிம்பில் சங்கிலி வைத்துத் தைத்தார். எலிசபெத் மகாராணியின் பாவாடை விளிம்பிலும் எடைக்கட்டிகள் இருந்தன. ராத்தா இருவரையும் கேள்விப்பட்டதில்லை. அவர் வீட்டு முற்றத்தில் வலை கிடந்தது, அவ்வளவுதான்.

நிறத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதிய அந்த அறிவுரையில் துணியின் கனத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓகஸ்டில் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் இப்போதே துணியைக் கொடுத்துவிடுங்கள். கோயிலும் கடலோரம், மாதமும் கச்சான் மாதம். கடைசி வாரத்தில் ராத்தா அளவுநாடாவைத் தொடமாட்டார். ஈயம் வைத்ததைக் கையால்தான் கழுவ வேண்டும். மெசினில் போட்டால் வீட்டுக்காரர் எழுந்து வந்து என்ன உடைந்தது என்று கேட்பார்.