பாதுகாப்புப் பட்டை மட்டும் போதுமா?

2024 ஜூலை 13 அன்று, திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் கழிவகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். மூன்றாம் நாளில்தான் அவரது உடல் கிடைத்தது. அதற்குள் பொறுப்பு ரயில்வேக்கா, மாநகராட்சிக்கா என்ற வாதம் தொடங்கிவிட்டது.

பாதுகாப்பு உபகரணம் ஏன் தரப்படவில்லை என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி அத்துடன் நின்றுவிடக் கூடாது. பெருகி ஓடும் நீரில் ஒருவரைக் கயிற்றில் கட்டி இறக்குவதும் ஆபத்தே. மழைக்காலத்தில் அந்தச் சுரங்கத்துக்குள் எவரையும் அனுப்பாதிருப்பதே அங்கு முதல் அரண். பட்டையும் கயிறும் கடைசி அரண்கள். கடைசி அரணை முதல் அரணாகக் காட்டித் தப்பிப்பது முதலாளித்துவத்தின் பழைய தந்திரம்.

கட்டுமானத் தளங்களிலும் இதே நிலைதான். தொழிலாளர்கள் ஹார்னஸ் என்றழைக்கும் முழுவுடல் பாதுகாப்புப் பட்டையை மாட்டிவிட்டால் கடமை முடிந்ததாக ஒப்பந்ததாரர் கருதுகிறார். அந்தப் பட்டையின் ஒவ்வொரு வளையத்துக்கும் தனிப் பணி உண்டு. வீழ்ச்சியைத் தாங்குவது முதுகின் மேற்பகுதியிலுள்ள வளையம். இடுப்பின் இருபுற வளையங்கள் நின்று வேலை செய்ய உதவுபவை மட்டுமே. அவற்றில் உயிர்க்கயிற்றை மாட்டி விழுந்தால் இடுப்பும் முதுகெலும்பும் நொறுங்கும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டை வீழ்ச்சித் தடுப்புக்குப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி முதலே தடைசெய்துவிட்டது.

கயிற்றின் மறுமுனை எங்கே கட்டப்படுகிறது என்பது அதனினும் முக்கியம். சாரக் கம்பிலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டினால் அதுவும் சேர்ந்தே விழும். இரண்டு மீட்டர் கயிறு, அதிர்வைத் தாங்கும் பகுதி விரியும் நீளம், தொழிலாளியின் உயரம் ஆகியவற்றைக் கூட்டினால் கயிறு கட்டப்பட்ட இடத்துக்குக் கீழே ஏறத்தாழ ஆறு மீட்டர் வெற்றிடம் தேவை. நான்கு மீட்டர் உயரத்தில் அதே பட்டை அவரைத் தரையில் மோதவிடும். ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய பட்டையை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. தாங்கப்பட்டவரும் அசைவின்றித் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே மீட்கும் ஆட்களும் ஏற்பாடும் இல்லாத தளத்தில் பட்டை பாதிப் பாதுகாப்பே.

இவற்றுக்கெல்லாம் பயிற்சியும் நேரமும் செலவும் தேவை. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் என்று இறங்கும் முறையில் முதலில் வெட்டப்படுவது இவைதான். விபத்து நேர்ந்தபின் ‘அவர் பட்டையை மாட்டவில்லை’ என்று பழி தொழிலாளி மீதே விழுகிறது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு வேண்டும், ஆனால் அது உயிருக்கு ஈடாகாது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமோ ஆய்வாளரை ‘வசதி செய்து தருபவர்’ ஆக்கியிருக்கிறது.

எனவே தொழிற்சங்கத் தோழர்கள் ‘பட்டை கொடு’ என்பதோடு நிற்கலாகாது. கயிற்றைக் கட்டும் இடத்தைக் காட்டு, மீட்கும் ஆட்களை நிறுத்து, பயிற்சி நாளுக்கும் கூலி கொடு என்று கோர வேண்டும். ஆபத்தெனக் கண்டால் கூலியிழப்பின்றி வேலையை நிறுத்தும் உரிமையையும் வென்றெடுக்க வேண்டும். தொழிலாளியின் உயிரை இறுதியில் தாங்கி நிற்பது அவரது சங்கமே.