கேதமும் கணக்கும்

சென்னைப் பக்கம் 'துக்கம் விசாரிக்க'ப் போவார்கள். திருநெல்வேலிப் பக்கம் 'துட்டி கேட்க'ப் போவார்கள். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கங்களிலும் 'கேதம் கேட்க'ப் போவார்கள். வார்த்தைதான் வேறு, போகாமல் இருந்தால் ஊர் பேசும் என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கேதத்துக்கென்று எழுதாத சட்டங்கள் சில உண்டு. 'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்' என்பது முதல் சட்டம். வரப்புத் தகராறில் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் தோளில் துண்டோடு வந்து நிற்பார். இறந்தவரின் மகன் கையை நீட்டுவார், வந்தவர் தொடுவார். அவ்வளவுதான். வரப்பைப் பற்றி ஒரு சொல் வராது. உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அந்த அழுகையில் பாதி அவரவர் வீட்டில் முன்பு நடந்த சாவுக்கானது என்பதை எந்தக் கிழவியைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான சட்டம் ஒன்று இருக்கிறது. கேதத்துக்கு வந்தால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் வரப்புத் தகராறு விட்ட இடத்தில் தொடங்கும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தலைவர்கள் சாகும்போது திரளும் கூட்டத்தைப் பார்த்து, 'இவ்வளவு பேருக்கு இவர்மேல் இவ்வளவு பாசமா?' என்று மலைப்பவர்கள் இந்தச் சட்டங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை. முதல்வர் ஜெயலலிதா செப்டம்பர் 22 இரவு அப்போலோவில் சேர்க்கப்பட்டு 75 நாள் ஆகியிருந்தது. மாலையில் சில தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகச் சொல்ல, சென்னையில் கட்சித் தலைமை அலுவலகத்துக் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி மேலே ஏறியது. கடைசியில் இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது. அதற்கு வெகுநேரம் முன்பே தமிழ்நாடு முழுக்கக் கடைகள் அடைத்தாகிவிட்டது. பண மதிப்பிழப்பு அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். கையில் சில்லறை இல்லாமல் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்ற ஜனம் அப்படியே வீட்டுக்கு ஓடியது. ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும் தூங்கா நகரம் அன்றைக்கு டீக்கு வழியில்லாமல் கிடந்தது.

கடையை அடைத்தது மரியாதையா, பயமா?

ஷட்டரை இறக்கியவர்களைக் கேட்டால், பாதிப் பேர் இரண்டும்தான் என்பார்கள். அவர்களுக்குப் பழைய நினைவுகள் உண்டு. 1987 டிசம்பர் 24 அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்தார். 1980-ல் மதுரை மேற்கில் நின்று ஜெயித்தவர், 1981-ல் உலகத் தமிழ் மாநாட்டை மதுரையில் நடத்தியவர். அவர் சாவுக்கு அழுத கூட்டத்தில் ஒரு பகுதி கல்லையும் கையில் எடுத்தது, கடைகள் சூறையாடப்பட்டன. சென்னை அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலை அப்போதுதான் உடைக்கப்பட்டது. 2000 பிப்ரவரி 2-ல் கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்றதும், தருமபுரி அருகே பேருந்துக்குத் தீ வைத்ததில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் கருகிப்போனார்கள். 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூருத் தீர்ப்பு வந்த அன்றும் கல்வீச்சுதான். இதெல்லாம் நினைவில் இருக்கிறவர் ஷட்டரை இறக்குவதை வைத்து அவர் மனத்தை எடை போட முடியாது.

மும்பையில் இது வழக்காகவே ஆனது. 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது நகரம் முழுக்க அடைத்துக்கிடந்தது. இது மரியாதையால் அல்ல, கட்டாயத்தால் நடந்தது என்ற பொருளில் பால்கரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி அதற்கு 'லைக்' போட்டார். இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. அந்தக் கோபம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015 மார்ச்சில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவே ரத்தானது. கேட்டது ஒரு சின்னக் கேள்விதான்: வராதவனைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தால் அதற்குப் பெயர் கேதமா?

2016-ல் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 75 நாளாக ஊர் மெல்ல மெல்லத் தயாராகியிருந்தது. ஆட்சியிலும் அவர்கள் கட்சிதான். தெருமுனைகளில் நாற்காலி போட்டு, படம் வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றினார்கள். ஆண்கள் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பெண்கள் படத்தின் முன்னால் உட்கார்ந்து, சொந்தத் தாயை இழந்ததுபோல ஒப்பாரி வைத்தார்கள். அதில் நடிப்பைத் தேடுபவர்களுக்கு இந்த மண் தெரியாது.

அழுததற்குக் காரணமும் இருந்தது. முல்லைப்பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் அது உயிர்த் தண்ணீர். அந்த ஆகஸ்டில் விவசாயிகள் மதுரையில் ஜெயலலிதாவுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள்; நவம்பரில் அணை 142 அடியைத் தொட்டது. கடைமடையில் உட்கார்ந்து மடையைப் பார்த்துக்கொண்டிருந்த மேலூர்க்காரருக்கு இது வெறும் அரசியல் செய்தி இல்லை. பெண் சிசுக்கொலையால் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்ட காலத்தில், 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பின்னாளில் மதுரை மாவட்டத்துக்கும் நீண்டது. ஒரு தொட்டிலால் எல்லாம் மாறிவிடவில்லைதான். ஆனாலும் அதை மறக்காத பெண்கள் இருக்கிறார்கள்.

அழ முடியாதவர்களும் இருந்தார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்ததும் அதே ஜெயலலிதாதான். பிறகு பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டாலும், அந்த நாட்களில் வீட்டில் அடுப்பு எரிந்த விதம் மறக்குமா? 2011 நவம்பரில் மக்கள் நலப் பணியாளர்கள் சுமார் 13,500 பேரை வீட்டுக்கு அனுப்பினார். தி.மு.க. ஆட்சி வந்தால் வேலை, அ.தி.மு.க. ஆட்சி வந்தால் நீக்கம் என்று பந்தாடப்பட்டவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களில் சிலரும் தெருமுனைப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். "என்னண்ணே, வேலையப் பறிச்சவங்களுக்கா கும்பிடு?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் வரும் பதில் ஒன்றுதான்: "செத்தவங்கள என்னத்தப்பா பேசுறது. அது வேற, இது வேற."

'அது வேற, இது வேற' எல்லா ஊரிலும் செல்லுபடியாவதில்லை. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது பிரிக்ஸ்டனிலும் கிளாஸ்கோவிலும் தெருவில் கூடி ஆடினார்கள். சூனியக்காரி செத்தாள் என்று பாடும் ஒரு பழைய சினிமாப் பாட்டை வாங்கி வாங்கியே விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்ட கோல்ட்தோர்ப் என்ற ஊரில், லண்டனில் இறுதிச்சடங்கு நடந்த அன்றே அவர் உருவபொம்மையைப் பாடையில் வைத்து எரித்தார்கள். நமக்குக் கேட்கவே கூசும். ஆனால் பிழைப்பைப் பறிகொடுத்த ஊர் தன் கோபத்தை மறைக்காமல் காட்டியது. நம் ஊரில் கோபம் பதினாறு நாள் வாயை மூடிக்கொள்கிறது. அதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. பதினேழாம் நாளும் பேசவிட மாட்டேன் என்று யாராவது குறுக்கே நிற்காதவரை.

கட்சிகள் செய்வது அதைத்தான். கேதத்துக்கு வந்த கூட்டத்தை எண்ணி அதையே நற்சான்றிதழாக மாட்டி வைக்கிறார்கள். ஜெயலலிதா இறந்த அதிர்ச்சியில் மாண்டவர்கள் என்று அ.தி.மு.க. வெளியிட்ட பட்டியல் நாளுக்கு நாள் நீண்டு ஐநூறைத் தாண்டியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய். ஏழைக் குடும்பத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. எந்த ஊரிலும் எந்த நாளிலும் மாரடைப்பில் போகிறவர்கள் உண்டு. அவர்களில் யார் துக்கத்தில் போனவர், யார் வெறுமனே போனவர் என்று பிரித்தது எந்த டாக்டர்?

கருமாதி முடிந்தால் குடும்பத்தில் என்ன செய்வார்கள்? உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள். செத்தவர் யாரிடம் என்ன வாங்கினார், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடிப்பார்கள். கடனைச் சொல்வது செத்தவரை அவமதிப்பதாகாது. மறைப்பதுதான் அவர் பேருக்குக் கேடு.

ஜெயலலிதாவின் கணக்கை நீதிமன்றம் பார்த்தது. 2017 பிப்ரவரி 14-ல் சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீண்டும் உறுதி செய்தது. இறந்துவிட்டதால் அவர்மீதான வழக்கு அற்றுப்போனது. சசிகலா உள்ளிட்ட மற்றவர்கள் சிறைக்குப் போனார்கள். செத்தவருக்குத் தண்டனை இல்லை, நடந்தது நடந்ததுதான் என்று சட்டம் பிரித்துப் பேசியது. கட்சி மேடைகளில் அந்த நிதானம் வரவில்லை. தியாகம், சதி என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிப்போனது.

மதுரைக்கு இதில் தனிப் பங்கு ஒன்று உண்டு. 2016 நவம்பர் 19-ல் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல். அ.தி.மு.க. வேட்பாளர் ஏ.கே. போஸுக்கான கட்சிப் படிவத்தில் பொதுச்செயலாளரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை இருந்தது. 'கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருக்காங்களா?' என்று டீக்கடைகளில் அன்று தொடங்கிய பேச்சு, சாவுக்குப் பிறகும் ஓயவில்லை. போஸ் ஜெயித்தார், 2018 ஆகஸ்ட் 2-ல் காலமானார். 2019 மார்ச்சில் அந்த வெற்றியே செல்லாது என்றது உயர் நீதிமன்றம். மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. அது மரணத் தேதியையே டிசம்பர் 4 என்றது. எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ சிகிச்சையில் குறையில்லை என்றது. திதி கொடுக்கிற வழக்கமுள்ள நாட்டில் ஒரு முதல்வரின் சாவுக்கு இரண்டு தேதிகள்.

கேத வீட்டுச் சட்டத்தை அரசாங்கமே மறந்த சம்பவமும் நடந்தது. 2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி இறந்தார். மெரினாவில் அண்ணா நினைவிடம் அருகே இடம் கேட்டபோது, வழக்குகள் இருப்பதாகச் சொல்லி எடப்பாடி பழனிசாமி அரசு மறுத்தது. கிண்டியில் காந்தி மண்டபம் பக்கம் 2 ஏக்கர் தருவதாகச் சொன்னது. விடிய விடிய வழக்கு. மறுநாள் காலையில் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதே முதல்வர் ராஜாஜி மண்டபத்துக்கு வந்து அஞ்சலியும் செலுத்தினார். செத்த பிறகு இடத்துக்குச் சண்டையா என்று தி.மு.க.வுக்கு ஒருநாளும் ஓட்டுப் போடாத வீடுகளிலும் முகம் சுளித்தார்கள். சாதியைச் சொல்லிச் சுடுகாட்டுப் பாதையை மறிக்கிற ஊர்கள் இதே சமவெளியிலும் உண்டு என்பதால், அந்த முகச்சுளிப்பை ரொம்பவும் மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை.

கேதத்துக்கு வந்தவர்கள் ஓட்டுப் போட்டார்களா? 1984-ல் இந்திரா காந்தியின் சாவு காங்கிரஸுக்கு நானூறு இடங்களுக்கு மேல் கொடுத்தது, உண்மைதான். ஆனால் எம்.ஜி.ஆருக்கு அப்படித் திரண்ட தமிழ்நாடு, 1989 ஜனவரியில் தி.மு.க.வை ஆட்சியில் உட்கார வைத்தது. இரண்டாகப் பிரிந்து நின்ற கட்சியை மதிக்கவில்லை. அந்தக் கட்சி ஒன்றுசேர்ந்ததும், அதே மார்ச்சில் மதுரை கிழக்கை அதனிடம் கொடுத்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது தேனி ஒன்றுதான். மதுரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் சு.வெங்கடேசன் ஜெயித்தார். கட்டைவிரல் ரேகை வைத்த திருப்பரங்குன்றம் தி.மு.க.வுக்குப் போனது.

கட்சிகள் சளைக்கவில்லை. திருமங்கலத்தைத் தாண்டி டி.குன்னத்தூரில் எம்.ஜி.ஆருக்கும் ஜெயலலிதாவுக்கும் கோயில் எழுந்து, 2021 ஜனவரி 30-ல் திறக்கப்பட்டது. 2023 ஜூலை 15-ல் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. அடுத்த ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் அவர் பெயரிலேயே ஜல்லிக்கட்டு அரங்கம். கோயிலைவிட நூலகம் மேல் என்று சொல்ல எந்தக் கட்சியிலும் சேர வேண்டியதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஏ.சி.யில் உட்கார ஒரு நாற்காலியாவது கிடைக்கிறது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைத்தும் வருஷங்கள் ஆகின்றன. பெரிய எழுத்தில் பலகை இருக்கிறது. எம்.ஜி.ஆர். படம் என்றால் இன்றும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிற மேலூர், ஒத்தக்கடைக் கிழவிகள், பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் காசை நீட்டி, "மாட்டுத்தாவணி ஒண்ணு குடு தம்பி" என்றுதான் கேட்கிறார்கள்.